மெல்தெமுக்கென்று செய்த வீடு

கணவன் ரிஃபாத் மாரடைப்பில் போன அடுத்த வசந்தத்தில் ஜெவ்ரியே வீடு செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடலோர ஊரான ஆர்சுஸுக்கு மேலே மலைச்சரிவில் இருந்த அவள் ஊரில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை.

"வீட்டைக் கட்டுவாங்க. செய்வாங்களாக்கும்? என்ன, பிஸ்கட்டா அது, அச்சுல போட்டு எடுக்க?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அச்சுலதான் போடறாங்க. ஒருநாள் வந்து பாரு," என்றாள் ஜெவ்ரியே.

உண்மையில் அப்படித்தான் நடந்தது. இஸ்கெந்தெருன் இரும்பாலையிலிருந்து துத்தநாகம் பூசிய மெல்லிய தகடு பெரிய பெரிய சுருளாக லாரியில் வந்து இறங்கும். அதை இயந்திரத்தின் ஒரு வாயில் கொடுத்தால் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, ஓரம் மடிந்து, மறுவாயில் நீள நீளச் சட்டங்களாக வெளியே வரும். எங்கே ஓட்டை வேண்டுமோ அங்கே ஓட்டை, எந்தச் சுவரில் எத்தனையாவது சட்டம் என்று மேலே அச்சடித்த எண், எல்லாம் அதிலேயே இருக்கும். அந்தச் சட்டங்களை இரும்பு மேசைமேல் பரப்பி, எண் பார்த்து அடுக்கி, ஸ்க்ரூ வைத்து முடுக்குவதுதான் ஜெவ்ரியேவின் வேலை. முடுக்கி முடித்தால் ஒரு முழுச் சுவரின் எலும்புக்கூடு மேசைமேல் படுத்திருக்கும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிடலாம், அவ்வளவு கனமில்லாதது. ஒரு வீட்டுக்கான எல்லாச் சுவர்களும் சேர்ந்ததும் லாரியில் ஏறும். போகிற இடத்தில் கான்கிரீட் தளம் மட்டும் காத்திருக்கும். நிறுத்தி, ஆணி இறக்கி, இடையில் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்து, பலகை அறைந்தால் வீடு.

ஆரம்பத்தில் தகட்டின் விளிம்பு அவள் விரல்களைக் கிழித்தது. வீட்டில் தக்காளி நறுக்கும்போது எரியும். பிறகு கை பழகிவிட்டது. எதிர்மேசைக்காரி குலிசாரோடு சிநேகமும் பழகிவிட்டது. குலிசார் வாய் ஓயாதவள். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருப்பவள். மேலாளர் வெதாத் சாரையே முகத்துக்கு நேராகக் கிண்டல் செய்வாள். கணவன் போன பிறகு ஜெவ்ரியேவைச் சிரிக்க வைத்த முதல் ஆள் அவள்தான்.

ஜெவ்ரியேவுக்கு ஒரே மகள், மெல்தெம். அந்தாக்யாவில் மழலையர் பள்ளியில் ஆசிரியை. மெல்தெமுக்கும் இரும்பாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் கெனானுக்கும் நிச்சயமான கோடையில், ஜெவ்ரியேவின் மனதில் ஓர் ஆசை முளைத்தது. ரிஃபாத் விட்டுப்போன ஒலிவத் தோப்பில், தன் பழைய கல்வீட்டுக்குப் பக்கத்திலேயே, மகளுக்கு ஒரு வீடு நிறுத்த வேண்டும். ஆர்டர் மந்தமான மாதங்களில் தொழிலாளிகள் தங்களுக்கென்று வீடு செய்துகொள்ள வெதாத் சார் அனுமதிப்பது வழக்கம். போய்க் கேட்டாள். சரி என்றார்.

வரைபடம் போடுகிற பையனின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சமையலறை ஜன்னல் கடல் பக்கம்தான் இருக்க வேண்டும் என்றாள். மெல்தெம் சின்ன வயசிலிருந்தே எதையும் ஜன்னலோரம் நின்றுதான் தின்பாள். பையன் சொன்னான், அந்தப் பக்கம் மேற்கு வெயில் அடிக்கும் என்று. அடித்தால் திரை போட்டுக்கொள்வாள், நீ வரை என்றாள்.

சட்டங்கள் வந்ததும் குலிசாரைத் தவிர யாரையும் அவள் தொட விடவில்லை.

"மத்தவங்க மகளுக்குச் சீர் கொடுக்கப் போர்வை பின்னுவாங்க," என்றாள் குலிசார். "நீ சுவர் பின்றே. பொட்டியில எப்படி மடிச்சு வைக்கப் போறே?"

"பேசாம அந்த முனையைப் பிடி."

"பிடிக்கிறேன். மாப்பிள்ளை சண்டை போட்டா சுவரை எட்டி உதைப்பானே, தாங்குமா?"

"அவன் உதைச்சா அவன் கால்தான் போகும்," என்றாள் ஜெவ்ரியே. மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சுவர்கள் எல்லாம் முடிந்து கூரைச் சட்டங்களைத் தொடங்கியிருந்த சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்தெம் வந்தாள். தோப்பில் அம்மா சரல் கொட்டிச் சமன்படுத்தி வைத்திருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பிறகு ஒலிவ மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதே. நாங்க அந்தாக்யாவுலேயே ஃபிளாட் பாத்துட்டோம்."

ஜெவ்ரியே டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "எந்த ஃபிளாட்டு?"

"கெனானோட அப்பா அம்மா இருக்கற கட்டடத்துலேயே. அஞ்சாவது மாடி. லிஃப்ட் இருக்கு. என் ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். இங்கேருந்து தினமும் மலை ஏறி இறங்கி எப்படிம்மா போவேன்?"

"உன் மாமியா தகர வீடுன்னு சொன்னாளா?"

மெல்தெம் பொய் சொல்லத் தெரியாத பெண். "சொன்னாங்க. ஆனா அதுக்காக இல்ல. எனக்கே அந்த வீடு பிடிச்சிருக்கும்மா. பால்கனியில நின்னா ஆறு தெரியுது. எல்லாம் பக்கத்துல இருக்கு. எனக்கு அங்க இருக்கணும்னு ஆசையா இருக்கு."

"அப்ப இருந்துக்கோ," என்றாள் ஜெவ்ரியே.

சில நாட்கள் மகளோடு பேசவில்லை. தொழிற்சாலையில் ஸ்க்ரூக்களை வேண்டாத வேகத்தில் முடுக்கினாள். அப்புறம் மனசு கேட்கவில்லை. ஒரு தூக்கு நிறைய ஒலிவக்காயும் புதிதாய்ச் சுட்ட மிளகாய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மினிபஸ் ஏறினாள். லிஃப்ட் ஏறும்போது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். ஆனால் கதவைத் திறந்ததும் வெளிச்சம் கூடம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. தரை முகம் பார்க்கும்படி பளபளத்தது. மெல்தெம் ஒவ்வோர் அறையாக இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். பால்கனியில் நின்று ஆற்றையும் அக்கரை மலையையும் பார்த்த ஜெவ்ரியேவுக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் குலிசாரிடம் அவளே ஆரம்பித்தாள்.

"அஞ்சாவது மாடிடி. பட்டணமே காலுக்குக் கீழ இருக்கு. ராணி மாதிரி இருக்கா."

"அப்ப இந்தச் சுவரெல்லாம்?"

"யாருக்காவது கொடுக்கட்டும்."

கொடுத்துவிட்டார்கள். ஆர்சுஸ் கடற்கரையோரம் மனை வாங்கியிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதே அளவில் வீடு கேட்டு வந்தார். லாரியில் ஏற்றும்போது ஒரு முனையை ஜெவ்ரியேதான் பிடித்தாள். வருத்தம் என்று சொல்ல முடியாது. மெல்தெமின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேண்டிய அவசரம் அவளுக்கு.

கல்யாணம் நடந்தது. இரண்டு வருஷம் நன்றாகவே போனது. கெனான் நல்ல பையன். மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவான். பெருநாளுக்கு முந்தைய நாளே இருவரும் வந்து, ஜெவ்ரியேவோடு உட்கார்ந்து கொம்பே என்னும் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைவார்கள். கெனான் பிசைந்தது மட்டும் கல்லாய்ப் போகும்.

அந்தப் பிப்ரவரியில், விடியுமுன், பூமி குலுங்கியது.

ஜெவ்ரியேவின் கல்வீட்டில் ஒரு பக்கச் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. உள்பக்கமாகச் சரிந்திருந்தால் அவள் கதை அன்றோடு முடிந்திருக்கும். வெறுங்காலோடு தோப்புக்கு ஓடி, மழையில் நின்றுகொண்டு மெல்தெமுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கீழே துறைமுகத்தில் தீப்பிடித்து, வானம் விடிந்தும் விடியாத நிறத்தில் புகைந்தது.

கெனான் அன்று இரவு ஷிஃப்டில் இருந்தான். கொஞ்ச தூரம் நடந்தும் கொஞ்ச தூரம் யாரோ ஒருவரின் டிராக்டரிலுமாக மலைப்பாதையைக் கடந்து அவன் போய்ச் சேர்ந்தான். ஜெவ்ரியேவால் மறுநாள்தான் போக முடிந்தது, குலிசாரின் தம்பி வேனில். தெரு எது என்று கண்டுபிடிக்கவே நேரம் ஆயிற்று. லிஃப்டும் பால்கனியும் வெளிச்சமும் இருந்த கட்டடம் இரண்டு ஆள் உயரக் குவியலாக மடிந்து கிடந்தது. அதன் மேலே கெனான் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"கூப்பிட்டேன்மா," என்றான். "குரல் கொடுத்தா. முதல் நாள் குரல் கொடுத்தா."

"இப்ப?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜெவ்ரியேவின் கோட்டுப் பையில் தொழிற்சாலைக் கையுறை இருந்தது. அதை மாட்டிக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தாள். தகட்டின் விளிம்பைத் தாங்கும் கையுறை, கான்கிரீட்டில் சீக்கிரமே கிழிந்துபோயிற்று. இயந்திரங்கள் வரும்வரை, வந்த பிறகும், அவளும் கெனானும் முன்பின் தெரியாத மனிதர்களும் அந்தக் குவியலை விட்டு இறங்கவில்லை. கடைசியில் மெல்தெமை எடுத்தார்கள். கெனானின் அப்பாவையும் அம்மாவையும் எடுத்தார்கள். ஊருக்கு வெளியே புதிதாய்த் திறந்த இடுகாட்டில், வரிசையாய்த் தோண்டிய குழிகளில் மூவரையும் அடுத்தடுத்து வைத்தார்கள். ஜெவ்ரியே மகளின் முகத்தைப் பார்த்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

நாற்பதாம் நாள் ஓதி ரவை அல்வா கிண்டிக் கொடுக்கும்வரைகூட அவள் வீட்டில் இருக்கவில்லை. வீடு என்று சொல்லவும் ஏதுமில்லை. தோப்பில் ஒரு கூடாரம், அவ்வளவுதான். தொழிற்சாலை மூன்று ஷிஃப்டும் ஓடிக்கொண்டிருந்தது. தகடு வந்து இறங்க இறங்கத் தீர்ந்தது. அவள் திரும்பி வந்ததைப் பார்த்து வெதாத் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"கூடாரத்துல உக்காந்து என்ன சார் பண்ணுவேன்?" என்றாள். போய் மேசை முன்னால் நின்றாள்.

வேலை இருந்தது, அது நல்லதாயிற்று. ஆனால் வேலை செய்யும் இடத்தில் பேச்சும் இருந்தது. முதலில் மெதுவாக, அவள் முதுகுக்குப் பின்னால். பிறகு அவள் முகத்துக்கு நேராகவே, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"நீ அப்பவே சொன்னியேக்கா. கேக்கலியே அந்தப் பொண்ணு."

"தாய் மனசுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்."

ஜெவ்ரியே ஸ்க்ரூ முடுக்கும் இயந்திரத்தை இன்னும் அழுத்திச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வாள். அந்தப் பேச்சு எப்படியோ மேலே வரைக்கும் போயிற்று. கோடை தொடங்கும்போது வெதாத் சார் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். அவருக்கே கூச்சமாக இருந்தது என்பது அவர் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

"முதலாளி ஒரு படம் எடுக்கணும்னு சொல்றாரு, ஜெவ்ரியேம்மா. சின்னப் படம்தான். நம்ம வீடுங்களைப் பத்தி. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா நல்லா இருக்கும்னு."

"என்ன பேசணும்?"

"நடந்ததைத்தான். மகளுக்கு நீங்க இந்த வீட்டைச் செஞ்சு வெச்சீங்க, எச்சரிச்சீங்க, அவங்க கான்கிரீட் வீட்டுக்குப் போயிட்டாங்க..."

"நான் எச்சரிக்கல சார்."

வெதாத் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒருநாளும் எச்சரிக்கல. நிலநடுக்கம்னு நான் வாயைத் திறந்ததே இல்ல. என் நெனப்புலயே அது இல்ல. பொண்ணு பக்கத்துல இருக்கணும்னு ஆசை, அதுக்காகச் செஞ்சேன். சாயங்காலம் ஆனா கூப்பிட்டா கேக்கற தூரத்துல இருக்கணும்னு. அந்த ஃபிளாட்டைப் பாத்துட்டு வந்து நான் எவ்வளவு பெருமை பேசினேன்னு குலிசாரைக் கேளுங்க. எனக்கே அது பிடிச்சிருந்தது."

"புரியுதும்மா. ஆனா..."

"என் பொண்ணு அம்மா பேச்சைக் கேக்காம செத்துப்போனான்னு ஊரெல்லாம் பேசறதுக்கு நானே மேடை போட்டுக் கொடுக்கணுமா? அவ ஒரு தப்பும் பண்ணல சார். நல்ல வீடுன்னு நெனச்சுக் குடிபோனா. எல்லாரும் அப்படித்தான் போனாங்க."

வெதாத் சார் கரண்டியைத் தட்டில் வைத்தார். "நான் முதலாளிகிட்ட சொல்லிடறேன்," என்றார். சொல்லியும்விட்டார். படத்தில் வேறு யாரோ பேசினார்கள். வெதாத் சாருக்கும் அந்த மாதங்களில் சிரிப்பு என்பதே மறந்துபோயிருந்தது. அக்கா குடும்பத்தை இழந்திருந்தார்.

நிலநடுக்கத்தில் இடியாமல் நின்ற தொழிற்சாலை வீடுகளில்கூட ஜிப்சம் பலகைகள் சேரும் இடங்களில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விட்டிருந்தது. அதைச் சரிபார்த்துக் கொடுக்கத் தொழிற்சாலை ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. ஆள் பற்றாமல் மேசைப் பெண்களையும் அனுப்பினார்கள். ஒரு காலை குலிசார் கையில் முகவரி வந்தது. படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"நீ இன்னிக்கு வர வேணாம். நான் வேற யாரையாவது கூட்டிட்டுப் போறேன்."

"யாரு வீடு?"

குலிசார் சொல்லவில்லை. சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது.

"நானும் வரேன்," என்றாள் ஜெவ்ரியே.

அந்தச் சுவர்களை வாங்கிப்போயிருந்த வாத்தியார் முஸஃபர் வாசலிலேயே நின்று வரவேற்றார். வாசலில் குவிந்திருந்த செருப்புகளைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்தது. அவருடைய தம்பி குடும்பம், மனைவி நிமெத்தின் தங்கை குடும்பம், இன்னும் யார் யாரோ. அறைக்கு அறை மெத்தைகளைச் சுருட்டி அடுக்கியிருந்தார்கள். ஜெவ்ரியே கூடத்துச் சுவரைக் கையால் தொட்டுக்கொண்டே நடந்தாள். பலகைக்கும் சுண்ணத்துக்கும் பின்னால் எந்த இடத்தில் எந்தச் சட்டம் நிற்கிறது என்று அவள் கைக்குத் தெரிந்தது. வெடிப்புகளில் ஜிப்சம் மாவு பூசி, வலைப்பட்டை ஒட்டி, மறுபடி பூசினாள். குலிசார் வாயைத் திறக்காமல் ஏணி பிடித்தாள்.

சமையலறைக்குப் போனார்கள். ஜன்னல் கடல் பக்கம் இருந்தது. அதன் முன்னே ஒரு சின்னப் பெண் ஸ்டூலில் ஏறி நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

நிமெத் வற்புறுத்தி உட்கார வைத்து டீ கொடுத்தாள். வெள்ளரிக்காயும் பாலாடைக்கட்டியும் முன்னால் வைத்தாள்.

"இந்த வீட்டைச் செஞ்ச கைங்க நல்லா இருக்கணும்," என்றாள். "எங்களுக்குக் கிடைச்சதே ஒரு அதிர்ஷ்டம்தாங்க. யாரோ ஆர்டர் கொடுத்துட்டு அப்புறம் வேணாம்னுட்டாங்களாம். எல்லாச் சுவரும் தயாரா இருந்தது. இல்லன்னா நாங்க அந்தக் குளிர்காலம் அந்தாக்யா வீட்டுலதான் இருந்திருப்போம்."

"ஆமா. சொன்னாங்க," என்றாள் ஜெவ்ரியே.

"அவங்க யாரோ, எவரோ. எங்க இருந்தாலும் அல்லா அவங்களைக் காப்பாத்தணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."

குலிசார் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டாள். ஜெவ்ரியே டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமீன்," என்றாள்.

வண்டியில் திரும்பும்போது குலிசார் அழுதுகொண்டே திட்டினாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கல்லா நீ?"

"என்னன்னு சொல்றது? அந்தப் பொம்பளை அப்புறம் அந்த வீட்டுல எப்படித் தூங்குவா? அத்தனை குழந்தைங்க இருக்கு அங்க."

அன்று சாயங்காலம் கூடாரத்துக்குப் போகாமல் கெனானைப் பார்க்கப் போனாள் ஜெவ்ரியே. வீடிழந்தவர்களுக்கென்று போட்டிருந்த கண்டெய்னர் குடியிருப்பில் அவன் ஒரு பெட்டியில் இருந்தான். இரும்பாலை வேலையை விட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவள் கொண்டுபோகும் சாப்பாட்டை அவள் முன்னால் மட்டும் தின்பான். சில நாள் தன்னோடேயே சண்டை போடுவான்.

"அன்னிக்கு ஒருத்தன் ஷிஃப்ட் மாத்திக்கலாமான்னு கேட்டான்மா. நான்தான் மாட்டேன்னேன். சரின்னு சொல்லியிருந்தா நான் வீட்டுல இருந்திருப்பேன்."

"இருந்திருந்தா நாலாவது குழி தோண்டியிருப்பாங்க. நான் யாருக்குச் சோறு கொண்டுவர? சாப்பிடு."

அப்படித்தான் அந்த வருஷம் போயிற்று. வியாழக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து கல்லறைக்குப் போவார்கள். மண்ணைக் கிளறி, தண்ணீர் ஊற்றித் திரும்புவார்கள். அடுத்த கோடையில் அவன் மறுபடி வேலைக்குப் போனான். தாடியை எடுத்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் மாறியதற்குக் காரணம் என்னவென்று யோசிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் கெனான் இனிப்புப் பெட்டியோடு தோப்புக்கு வந்தான். கல்வீட்டின் சரிந்த சுவரை அதற்குள் அவள் எழுப்பியிருந்தாள். அவன் வந்து, உட்கார்ந்து, பெட்டியைத் திறக்காமல் கயிற்றை மட்டும் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"சொல்லுப்பா. கயிறு அறுந்துடப் போகுது."

"கண்டெய்னர் குடியிருப்பு கிளினிக்குல ஒரு நர்ஸ் இருக்காங்கம்மா. ஷெஹ்னாஸ்னு. அவங்களும் தம்பியை இழந்தவங்க."

அவள் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க வேணாம்னா வேணாம்மா. சத்தியமாச் சொல்றேன். உங்களைக் கேக்காம நான் எதுவும்..."

"நல்லாச் சமைப்பாளா?"

"என்னைவிட நல்லா."

"உன்னைவிட ஆடு நல்லாச் சமைக்கும்," என்றாள் ஜெவ்ரியே. அவன் சிரித்து, சிரிப்பு பாதியில் உடைந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பண்ணிக்கோ என்றாள். நல்லா இரு என்றாள்.

அவன் போனதும் இனிப்புப் பெட்டியைத் திறக்காமலேயே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பிறகு அவன் போன் அடித்தபோதெல்லாம் எடுக்கவில்லை. ஒலிவக்காய் பறிப்பு முடியும்வரை எடுக்கவில்லை. வியாழக்கிழமை கல்லறைக்கு அவன் வரும் நேரத்துக்கு முன்பே போய்த் திரும்பிவிட்டாள்.

"வாயால சரின்னு சொல்லிட்டு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறது என்ன பழக்கம்?" என்றாள் குலிசார்.

"சொன்னது மனசாரத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற மனசு வந்துடுச்சு," என்றாள் ஜெவ்ரியே. மேசைமேல் கிடந்த சட்டத்தை எண் பார்க்காமல் எடுத்து, தவறான இடத்தில் வைத்தாள். குலிசார் எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

ஒலிவக்காய் பறிப்பு முடிந்த மறுவாரம் கெனானின் கண்டெய்னருக்கு அவளே போனாள். ஷெஹ்னாஸ் கதவைத் திறந்தாள். பொடிசான உருவம், களைத்த கண். யாரென்று தெரிந்ததும் மரியாதைக்கு முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள ஜெவ்ரியேவின் கையைப் பிடித்தவள், விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கண்டெய்னரிலேயே இருக்கப் போகிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. ஊரில் வாடகைக்கு வீடே இல்லை.

ஜெவ்ரியே சுற்றிலும் பார்த்தாள். "என் தோப்புல இடம் இருக்கு," என்றாள்.

அவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. கெனான் வேண்டாம் என்றான். அவள் கேட்கவில்லை. வெதாத் சாரிடம் போய் நின்றாள். வரைபடம் போடுகிற பையனிடம் பழைய வரைபடமே இருந்தது. அதையே எடுத்தான். ஷெஹ்னாஸ் அதைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, இந்தச் சமையலறை ஜன்னலை மலைப் பக்கம் வெச்சுக்கலாமா? எனக்குக் கடலைப் பாத்தா... அன்னிக்கு ராத்திரி எங்க தெருவுக்குள்ள கடல் தண்ணி வந்துது."

அந்தக் காகிதத்தில் ஜன்னல் இருந்த இடத்தை ஜெவ்ரியே விரலால் தொட்டாள். "உன் சமையலறை. எங்க வேணுமோ அங்க வெச்சுக்கோ," என்றாள். பையனிடம் திரும்பி, "மாத்திப் போடு," என்றாள்.

இந்த முறை மேசையைச் சுற்றி யாரும் கிண்டல் செய்யவில்லை. குலிசாரும் அவளும் சுவர் சுவராக முடுக்கினார்கள். குளிர்காலம் முடியுமுன் தோப்பில் வீடு எழுந்து நின்றது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பக்கம் பெரியவர் என்று உட்கார வேறு யாருமில்லை. ஜெவ்ரியேதான் உட்கார்ந்தாள். பெண் வீட்டாரில் ஒரு கிழவர் குனிந்து, நீங்க பையனுக்கு என்ன வேணும் என்று கேட்டார். அம்மா என்றாள். கெனான் அதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஆனால் அந்த வீட்டுக்குள் அவள் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தாள், தினமும் அவர்களைப் பார்த்தாள். வேலை விட்டு வரும் வழியில் காய்கறி கொடுப்பாள். உள்ளே வாங்க என்றால், உடம்பெல்லாம் தகரத் தூள் என்பாள். ஷெஹ்னாஸ் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டு டீயை வெளியே மரத்தடிக்கே கொண்டுவந்து வைத்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பாள். கிளினிக் கதைகள் சொல்வாள். கெட்டிக்காரப் பெண்.

அடுத்த இலையுதிர் காலத்தில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கெனான் குழந்தையைக் கொண்டுவந்து ஜெவ்ரியேவின் கையில் கொடுத்தான்.

"ஷெஹ்னாஸ்தான்மா சொன்னா. மெல்தெம்னு பேரு வெக்கலாம்னு."

ஜெவ்ரியே குழந்தையைத் துணி விலக்கிப் பார்த்தாள். யார் சாயலும் இல்லாமல், புதிதாய்ப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும் போலச் சிவந்து சுருங்கி இருந்தது.

"வேணாம்ப்பா."

"ஏன்மா?"

"நீங்க அதட்டிக் கூப்பிடறப்போ எனக்குக் கேக்கும். பக்கத்து வீடுதானே." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள். "அந்தப் பேரோட இது எதுக்கு வளரணும்? இதுக்குன்னு ஒரு பேரு பாருங்க."

தெஃப்னே என்று வைத்தார்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள், கெனான் ஷிஃப்டில் இருந்தபோது, ஷெஹ்னாஸுக்கு கிளினிக்கிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. தோப்பைத் தாண்டி ஓடிவந்து கல்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"குழந்தை தூங்கறாம்மா. எழுப்பித் தூக்கிட்டு வந்தா அழுவா. வெளியே ரொம்பக் குளிருது. நீங்க கொஞ்சம் அங்க..."

ஜெவ்ரியே சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றி முதல் முறையாக உள்ளே காலை வைத்தாள். அடுப்பின் சூட்டில் வீடு கதகதவென்று இருந்தது. கூடத்தில் பச்சை சோபா. சமையலறை ஜன்னலில் மலை கறுத்துத் தெரிந்தது. சுவர்களில் ஷெஹ்னாஸின் தம்பி படம் இருந்தது, கெனானின் அப்பா அம்மா படம் இருந்தது. மெல்தெமின் படம் எங்கும் இல்லை. படுக்கையறை வாசல்வரை போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. கேட்டிருந்தால் இருக்கக் கூடாது என்றுதான் அவளும் சொல்லியிருப்பாள். வாழ வந்த பெண்ணின் வீடு அது. அது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் நெஞ்சுக்குள் எங்கோ தகட்டின் விளிம்பு பட்டதுபோல் கீறியது.

குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. ஜெவ்ரியே அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்தாள். வாயில் வந்த ஏதோ ஒரு தாலாட்டை முனகினாள். பாதி வரி மறந்துபோயிருந்தது. மறந்த இடத்தில் வெறுமனே உம் கொட்டினாள்.

ஷெஹ்னாஸ் திரும்பி வந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தது. ஜெவ்ரியே சோபாவில் அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று ஷெஹ்னாஸுக்குத் தெரிந்தது. அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"டீ போடட்டுமாம்மா?"

"வேணாம்மா. காலையில கம்பெனி பஸ் சீக்கிரம் வந்துடும்."

குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெவ்ரியே தன் வீட்டுக்கு நடந்தாள்.